மாப்பிள்ளைக்கு ஒரு துப்பாக்கி வகுப்பு

தங்கை வீட்டுக்குப் போகிறவர்கள் நன்றாகத் தின்பார்கள், ஊர் சுற்றுவார்கள், கிளம்பும்போது தங்கை புருஷனைப் பற்றி இரண்டு குறை சொல்லிவிட்டு விமானம் ஏறுவார்கள். நான் மொன்ட்ரியாலுக்குப் போய்த் தங்கை புருஷனுக்குத் துப்பாக்கி வகுப்பு தேடினேன். திருச்சியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நயாகராவைப் பார்த்தீர்களா என்றுதான் கேட்கிறார்கள்.

போய் இறங்கிய மறுநாள் காலை. வெளியே மார்ச் மாதத்துப் பனி, சாக்கடைக்கும் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக உருகிக் கிடந்தது. வசந்தா என் முன்னால் இடியப்பத்தையும் சொதியையும் வைத்தாள். பக்கத்திலேயே மூன்று காகிதங்களைப் பரப்பினாள்.

"அக்கா, நீ பேங்க்ல முப்பது வருஷம் இருந்தவ. துப்பாக்கிக்காரங்களைப் பாத்தவ. இதுல எந்த கிளாஸ் நல்லதுன்னு சொல்லு."

நான் பார்த்த துப்பாக்கிக்காரர் ஒருவர்தான். எங்கள் கிளை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ரிட்டயர்டு ராணுவத்துக்காரர். அவருடைய இரட்டைக் குழல் துப்பாக்கியில் சாப்பாட்டுப் பை மாட்டியிருக்கும். ஒரு முறை கொள்ளைக்காரர்கள் வந்துவிட்டதாகப் புரளி கிளம்பியபோது அவர் முதலில் பையைத்தான் காப்பாற்றினார். அந்த அனுபவத்தில் நான் நிபுணர் ஆகியிருந்தேன்.

மாப்பிள்ளை ரவீந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர். தொண்ணூறுகளில் அகதியாகத் திருச்சிக்கு வந்து எங்கள் தெருவில் ஒரு மாடியறையில் இருந்தார். கனடா போய்ச் சேர்ந்த பிறகு எங்கள் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதி வசந்தாவைப் பெண் கேட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். இப்போது மொன்ட்ரியாலில் வில்லரே என்ற பகுதியில் வாடகை வீடு. பிள்ளைகள் இருவரும் படிப்புக்காக வேறு ஊர்களில். வசந்தா ஒரு கார்தெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், வேலை செய்கிறாள். அவர் ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக்காரரின் கிடங்கில் மூட்டை இறக்குகிறார். இறக்கி இறக்கி முதுகெலும்பில் ஒரு வட்டு இடம் பெயர்ந்துவிட்டது. இனிமேல் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். தூக்காதவருக்குக் கிடங்கில் என்ன வேலை என்றார் முதலாளி. இரண்டுமே நியாயமான பேச்சு.

அப்போதுதான் கோயிலில் யாரோ வசந்தாவின் காதில் போட்டிருக்கிறார்கள்: வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் கவச வண்டியில் காவலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். நல்ல சம்பளம், சீருடை, ஓய்வூதியம். ஒரே ஒரு நிபந்தனை, இடுப்பில் கைத்துப்பாக்கி.

கனடாவில் இது லேசுப்பட்ட காரியம் இல்லை. சாதாரண ஜனங்கள் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. புதிதாக ஒன்று வாங்கவும் முடியாது. இந்த மாதிரி வேலைக்காரர்களுக்கு மட்டும் ஒரு வழி உண்டு. முதலில் வேட்டைத் துப்பாக்கி வகுப்பு, அதில் தேறினால் கைத்துப்பாக்கி வகுப்பு, அதிலும் தேறினால் உரிமத்துக்கு விண்ணப்பம். உரிமம் வந்தபின் கம்பெனி தனியாகப் பயிற்சி கொடுத்து, இடுப்பில் வைத்துக்கொள்ள இன்னொரு அனுமதி வாங்கும். மோட்சத்துக்குக்கூட இத்தனை படி கிடையாது.

அமெரிக்காவில் தெற்கு மாநிலம் ஒன்றில் இருக்கும் என் மகன் போனில் சிரித்தான்.

"இதுக்கா இவ்வளவு கஷ்டப்படறாங்க? எங்க ஸ்டேட்ல ரெண்டு வகை பர்மிட்மா. மறைச்சு மட்டும் வச்சுக்கணும்னா கம்ப்யூட்டர் முன்னாடி ஒன்றரை மணி நேரம் உக்காந்தாப் போதும். வெளிய தெரியற மாதிரின்னா ஒரு நாள் கிளாஸ், சுட்டுக் காட்டணும். இப்ப ரெண்டும் இல்லாமலே வச்சுக்கலாம்னு சட்டம் வந்துடுச்சு."

"அப்புறம் எதுக்குடா கிளாஸ்?"

"ஒரு சர்டிபிகேட் இருந்தா நல்லதுதானேம்மா."

நம் ரத்தம். எங்கே போனாலும் மாறாது.

வசந்தா பரப்பிய மூன்று காகிதங்களில் ஒன்று ஆங்கில வகுப்பு. நகரத்தின் மேற்குக் கோடியில், ஆறு வாரத்துக்கு இடமில்லை. இரண்டாவது பிரெஞ்சு வகுப்பு. நடந்து போகிற தூரத்தில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், இந்தச் சனி ஞாயிறு. மாப்பிள்ளையின் பிரெஞ்சு சந்தைப் பிரெஞ்சு. உருளைக்கிழங்கு, தக்காளி, அவை காலில் விழுந்தால் சொல்ல வேண்டிய வார்த்தைகள், அவ்வளவுதான். மூன்றாவது நகரத்தின் வடக்குப் பகுதியான மொன்ட்ரியால்-நோரில் ஒரு தமிழர் நடத்துவது. 'ஒரே நாளில் முடிக்கலாம், தமிழில் விளக்கம் தரப்படும்' என்று கையால் எழுதி நகலெடுத்திருந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க மாப்பிள்ளை?" என்றேன்.

"எதெண்டாலும் எனக்கு ஓம் அக்கா." கொஞ்ச நேரம் இடியப்பத்தைப் பிசைந்தார். "இல்லாட்டி முதலாளியிட்டை, கடை முன்பக்கம் நிண்டு விக்கிற வேலை கேட்டுப் பாக்கலாம்."

வசந்தா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் சொதியைப் பார்த்தார்.

முதுகுக்காக அந்த வாரம் அவர் லீவு போட்டிருந்தார். புதன்கிழமை நானும் அவரும் மொன்ட்ரியால்-நோருக்குப் பஸ்ஸில் கிளம்பினோம். வரைபடத்தை நான் பார்க்கிறேன் என்று வாங்கிக்கொண்டது என் தவறு. வடக்கே போக வேண்டிய நாங்கள் அரை மணி நேரம் நிம்மதியாகத் தெற்கே போனோம். மாப்பிள்ளைக்கு முதல் நிறுத்தத்திலேயே தெரிந்திருக்கிறது. பெரியவர்களைத் திருத்தக் கூடாது என்று பேசாமல் வந்திருக்கிறார். முன் இருக்கையில் இரண்டு கிழவிகள் பிரெஞ்சில் பேசிக்கொண்டு வந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன்.

"இந்த முறை குளிர் பெரிசா இல்லை எண்டு ஒருத்தி சொல்லுறா. போன வருசமும் நீ இப்பிடித்தான் சொன்னாய், அடுத்த கிழமை உன்ர மனுசன் வழுக்கி விழுந்து இடுப்பு முறிஞ்சது எண்டு மற்றவ சொல்லுறா."

ஸ்ரீரங்கத்து டவுன் பஸ்ஸில் இருப்பது போலவே இருந்தது.

தமிழில் விளக்கம் தருபவரை யோகன் மாஸ்டர் என்றார்கள். அவருடைய மாடிவீட்டுக்குக் கீழே ஒரு கார்தெரி. கீழே பிள்ளைகள் கைதட்டிப் பாட, மேலே மாஸ்டர் எங்களுக்குத் தேநீர் தந்து, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துப்பாக்கியை எடுத்து வைத்தார். பிள்ளைகள் தண்ணீர் பீய்ச்சி விளையாடும் துப்பாக்கி. கறுப்புச் சாயம் பூசியிருந்தார். பூசாமல் விட்ட ஓரத்தில் ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

"கேள்விக்கு விடை எல்லாம் இதில இருக்கு. அ, இ, அ, ஆ எண்டு அப்பிடியே பாடமாக்கினாச் சரி. சோதினை வைக்கிறவர் எங்கட ஆள்தான். யோசிக்காதேங்கோ."

"நீங்க எப்பவாவது சுட்டிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"அக்கா, நீச்சல் பழக்கிறவன் மீனாப் பிறந்திருக்க வேணுமோ?"

எனக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. இன்னும் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டேன். ஆனால் மாப்பிள்ளை எழுந்துவிட்டார். "பேந்து சொல்லுறன் மாஸ்டர்" என்றார். பேந்து என்றால் பிறகு. யாழ்ப்பாணத்தில் 'முடியாது' என்பதற்கு அதுதான் மரியாதையான வார்த்தை என்று எனக்கு அன்று தெரிந்தது.

வெளியே வந்ததும் சொன்னார்: "வேறை எதிலயும் பொய் சொல்லலாம் அக்கா. துவக்கிலை ஏலாது."

துவக்கு என்றால் அவர்கள் ஊரில் துப்பாக்கி. ஆகவே பிரெஞ்சு வகுப்பு என்று முடிவாயிற்று. வியாழன் மாலை முழுக்க வசந்தா அவருக்குப் பாடம் எடுத்தாள். விசை, குழாய், தோட்டா என்று ஒவ்வொன்றுக்கும் பிரெஞ்சுச் சொல்லைக் கேட்பாள். தப்பாகச் சொன்னால் நாக்கைத் தட்டுவாள். காப்பகத்து மூன்று வயதுக்காரர்களுக்கும் இதே நடைமுறைதானாம். வெள்ளி மதியம் அவர் என்னை ஜான்-டலோன் சந்தைக்கு அழைத்துப்போய், பனிக்கட்டிமேல் மேப்பிள் பாகை ஊற்றிக் குச்சியில் சுருட்டித் தந்தார். பல்லில் ஒட்டிக்கொண்டு பேசவே விடாத பண்டம். உருளைக்கிழங்கு வறுவலின்மேல் பாலாடைக் கட்டியைத் தூவிக் குழம்பை ஊற்றும் பூத்தின் என்ற தேசிய உணவையும் சாப்பிட்டேன். மொறுமொறுப்பாக ஒன்றைச் செய்துவிட்டு அதை ஏன் நனைக்கிறார்கள் என்று யாரும் எனக்கு விளக்கவில்லை.

சனிக்கிழமை காலை. மேலே பீடத்தில் 'கொலை செய்யாதே' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். கீழே நிலவறையில் வரிசையாகத் துப்பாக்கிகள். அவர்களுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. வகுப்பு நடத்தியவர் மதாம் லீஸ், அறுபது வயது அம்மாள், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வருடத்துக்கு ஒரு மூஸ், அதாவது குதிரையைவிடப் பெரிய மான், சுட்டுச் சாப்பிடுகிறவர். அந்தக் குளிரில் என்னை வெளியே நிற்கவிட அவருக்கு மனம் வரவில்லை. காப்பிப் பாத்திரத்தைக் கவனித்துக்கொண்டால் கடைசி வரிசையில் உட்காரலாம் என்று சைகை காட்டினார். முப்பது வருட வங்கிச் சேவைக்குப் பிறகு எனக்குக் கிடைத்த பதவி உயர்வு.

பன்னிரண்டு மாணவர்களில் பதினொருவர் வேட்டைக்காரர்கள். எல்லாத் துப்பாக்கியும் செயலிழக்கச் செய்தவை, தோட்டாக்கள் பொய்த் தோட்டாக்கள். ஆனாலும் ஒவ்வொன்றையும் நிஜமென்றே நினைக்க வேண்டும், குழாய் முனை ஆள் இல்லாத பக்கம் பார்க்க வேண்டும், விசையில் விரல் படக் கூடாது. இதை மதாம் லீஸ் நாற்பது தடவை சொன்னார். மாப்பிள்ளை நாற்பது தடவையும் எழுதினார்.

மதியம் ழில் என்ற தாடிக்காரர் உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட தன் அப்பத்தில் எங்களுக்கும் ஒரு துண்டு வெட்டித் தந்தார். எந்த நாடு என்று கேட்டார். சொன்னதும் மாப்பிள்ளையின் தோளில் தட்டி ஏதோ சொன்னார். மாப்பிள்ளை சிரித்தபடி சாப்பிட்டார்.

"என்ன சொன்னார்?"

"உங்கடை நாட்டிலை சண்டை நடந்ததுதானே, உனக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடா இருக்குமே எண்டார்."

மாலை வேட்டைத் துப்பாக்கித் தேர்வில் மாப்பிள்ளை தேறிவிட்டார். தண்ணீர் பட்ட பாடு என்று சொன்ன ழில் எழுத்துத் தேர்வில் தோற்றார். மூஸ்களுக்கு நல்ல செய்தி.

ஞாயிற்றுக்கிழமை கைத்துப்பாக்கி. மேசையில் அரை டஜன் வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராகப் போய் எடுத்து, தோட்டா இல்லை என்று திறந்து காட்டி, திருப்பி வைக்க வேண்டும். மாப்பிள்ளையின் முறை வந்தது. போனார். கையை நீட்டினார். நீட்டிய கை மேசைக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது.

நான் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். கோப்பை வழிந்து என் விரலில் சுட்ட பிறகுதான் எவ்வளவு நேரமாக அவர் அப்படி நிற்கிறார் என்று உறைத்தது. யாரும் சிரிக்கவில்லை. மதாம் லீஸ் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். மாப்பிள்ளை பதில் சொன்னார். அந்த அம்மாள் துப்பாக்கியை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினார். கையைப் பிடித்து ஆறுதல் சொல்வதெல்லாம் இல்லை. மாப்பிள்ளையின் ஷூவைப் பார்த்து, கயிறு அவிழ்ந்திருக்கிறது என்று மட்டும் காட்டினார். அவர் குனிந்து கட்டினார். பிறகு நாங்கள் படியேறி வெளியே வந்தோம்.

தேவாலய வாசலில் நின்று கேட்டேன். "அந்தம்மா என்ன கேட்டாங்க?"

"இதை முன்னம் கையில எடுத்திருக்கிறியா எண்டு. எனக்கு இதின்ரை மற்றப் பக்கந்தான் தெரியும் எண்டு சொன்னன்."

அப்புறம் சொன்னார். பத்தொன்பது வயதில் அண்ணனோடு சைக்கிளில் போகும்போது வழியில் மறித்திருக்கிறார்கள். "ஆர் எண்டு கேக்காதேங்கோ அக்கா. அப்ப எல்லாரிட்டையும் இருந்தது." ஒருவன் இவருடைய நெற்றிப்பொட்டில் பிஸ்டலை வைத்து, அண்ணனைப் பாட்டுப் பாடச் சொன்னானாம். பாட்டு நின்றால் சுடுவேன் என்றானாம். அண்ணன் தெரிந்த பாட்டெல்லாம் பாடி முடித்து, கடைசியில் வாய்ப்பாட்டை ராகம் போட்டுப் பாடினாராம். சலித்துப்போய் விட்டுவிட்டார்கள்.

"ஒண்டும் நடக்கேல்லை. ஆருக்கும் காயமும் இல்லை. அதுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லுறதுக்கு என்ன இருக்கு?"

  வில்லரே வரை அவருடைய வகுப்பு நோட்டை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் வசந்தா கேசரி கிளறி, கோயில் தோழிகளுக்கும் சொல்லிவிட்டிருந்தாள். "நான் சோதினை எடுக்கேல்லை" என்று அவர் சொன்னதும் ஆரம்பித்தாள். முதுகு, ஓய்வூதியம், கல்லூரிப் படிப்பு, இருபத்திரண்டு வருடத்து நல்லது கெட்டது எல்லாம் வந்தது. மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் நான், "சொல்லுங்க மாப்பிள்ளை" என்றேன். அவர் சமையலறை வாசலில் நின்றபடியே, என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார்.

வசந்தா அடுப்பை அணைத்தாள்.

"சின்னவன் விளையாட்டுத் துப்பாக்கி கேட்டப்ப வாங்கித் தர மாட்டேன்னீங்க" என்றாள். "கஞ்சத்தனம்னு ஊரெல்லாம் சொன்னேனே நான்."

"அதுவும் ஒரு காரணந்தான்" என்றார் அவர்.

அவள் சிரிக்கவில்லை. கேசரியை மூவருக்கும் கிண்ணத்தில் போட்டாள். முந்திரி எல்லாம் அவருடைய கிண்ணத்துக்கே போயிருந்தது.

திங்கள் மாலை காப்பகத்திலிருந்து வந்தவள், கோட்டைக் கழற்றாமலே சொன்னாள்: "மதாம் லீஸுக்கு போன் பண்ணிட்டேன். வர்ற சனிக்கிழமைக்கு என் பேரைக் கொடுத்திருக்கேன்."

மாப்பிள்ளை உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். "நீரோ?"

"ஏன், நானேதான். பிரெஞ்சு உங்களைவிட நல்லா வரும். முதுகு நேரா இருக்கு. எட்டுப் பிள்ளைங்களை ஒரே நேரத்துல ஸ்னோ பூட்ஸ் போட வச்சு வெளிய கூட்டிட்டுப் போறேன். காசுப் பை அழாது, கடிக்காது."

"இஞ்சேரும், விளையாடாதேயும்."

"நான் விளையாடல."

அடுத்த சனி ஞாயிறும் காப்பிப் பாத்திரம் என் பொறுப்பு. ழில் மறுபடி வந்திருந்தார். செய்முறையின்போது அவருடைய விரல் விசைப் பக்கம் போக, மதாம் லீஸ் வாய் திறப்பதற்குள் வசந்தா காப்பகத்துக் குரலில் ஒரு அதட்டல் போட்டாள். அந்த ஆறடி மனிதர் துப்பாக்கியை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு நாள் தேர்வுகளிலும் அவள் தேறினாள். மதாம் லீஸ் அவளோடு கைகுலுக்கி, இலையுதிர்காலத்தில் மூஸ் வேட்டைக்கு வருகிறாயா என்று கேட்டார். வசந்தா சைவம் என்று சொன்னபோது அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் விண்ணப்பத்தில் ஒரு சிக்கல் இருந்தது. கணவனோ மனைவியோ கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் ஆபீசிலிருந்தே கூப்பிட்டு ஏன் என்று கேட்பார்களாம். நம் ஊரில் ரேஷன் கார்டுக்குக் கேட்கும் கையெழுத்துக்குக்கூட இப்படி ஒரு அர்த்தம் நான் கண்டதில்லை. காகிதம் மேசையில் கிடந்தது. மாப்பிள்ளை திங்கள் அதைத் தாண்டி வேலைக்குப் போனார். செவ்வாயும் போனார். வசந்தா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்து நான் பார்த்தது அந்த இரண்டு நாள்தான்.

புதன் மாலை, நான் கிளம்புவதற்கு முந்தைய நாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லிப் படித்தார்.

"விண்ணப்பிக்கிறவர் ஆரையும் வெருட்டி மிரட்டியிருக்கிறாரோ எண்டு கேட்டிருக்கு. ஒவ்வொரு நாளும் எண்டு எழுதட்டோ?"

"எழுதுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "வசந்தா, ஆரும் உமக்கு நேர நீட்டினா என்ன செய்வீர்?"

"பையைக் குடுத்துட்டு வந்துடுவேன். யார் வீட்டுப் பணமோ. நான் என்ன முட்டாளா?"

"துவக்கு இருக்கேக்கையும்?"

"இருக்கேக்கையும்தான். நான் வீட்டுக்கு வரணும்ல."

அவள் 'இருக்கேக்கை' என்று அவருடைய ஊர்ச் சொல்லைச் சொன்னதை அவள் கவனிக்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நிறுத்தி, சிறு பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக.

உரிமம் வர மாதங்கள் ஆயின. கம்பெனிப் பயிற்சி, இன்னொரு அனுமதி, எல்லாம் முடிந்து இப்போது என் தங்கை சீருடை போட்டுக் கவச வண்டியில் போகிறாள். வேலை முடிந்ததும் துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு மெட்ரோவில் வருகிறாள். மாப்பிள்ளை கடை முன்பக்கம் நின்று விற்கும் வேலையைக் கேட்டார், முதலாளி கொடுத்துவிட்டார். கேட்க வேண்டியதுதான் பாக்கியாக இருந்திருக்கிறது.

போன வாரம் வசந்தா போனில் அலுத்துக்கொண்டாள். தினமும் அவள் இறங்கும் நேரத்துக்கு அவர் மெட்ரோ வாசலில் நிற்கிறாராம். பனி கொட்டினாலும் நிற்கிறாராம். ஏன் வந்தீர்கள் என்றால், மூலைக் கடையில் பால் வாங்க வந்தேன் என்று பையைத் தூக்கிக் காட்டுகிறாராம்.

"ஃபிரிட்ஜ்ல வேற எதுவும் வைக்க இடமில்லக்கா" என்றாள். "தினமும் பாயசம்தான் வச்சுக்கிட்டிருக்கேன்."